பன்னிரண்டு மணிக்கு மாயம் ஏன் கலைகிறது? தேவதைக் கதைகள் விண்வெளிக்குப் போகும்போது மாறுவது என்ன

சந்தையில் ஒரு சிறிய கடை. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி, தன் கணுக்காலில் துருப்பிடித்துக் கிடக்கும் திருகாணியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறாள். கடைசியில் திருகாணி கழல்கிறது. உலோகப் பாதம் தனியே கையில் வந்துவிடுகிறது. சிறுமியாக இருந்தபோது பொருத்திய பாதம் அது. அவள் வளர்ந்துவிட்டாள், பாதம் வளரவில்லை. புதுப் பாதம் வந்து சேர்வதற்குள், பழுதான ரோபோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாட்டின் இளவரசனே கடைக்கு வந்து நிற்கிறான். எழுந்து வணங்க அவளுக்கு ஒரு கால் குறைகிறது.

மரிஸா மெயர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல் வெளியிட்ட ‘சிண்டர்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. கதை நடப்பது எதிர்காலத்தின் ‘புதிய பெய்ஜிங்’ நகரத்தில். நாயகியின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயந்திரம். அரண்மனைப் படிக்கட்டில் அவளிடமிருந்து கழன்று விழுவது செருப்பு அல்ல, பாதமே.

இந்த மாதிரியான கதைகள் நாவலாகவும் திரைப்படமாகவும் தொடர்ந்து வருகின்றன. கூடவே வாசகர்களின் கேள்விகளும் வருகின்றன. இது சின்ட்ரெல்லா கதையா, பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட வேறு கதையா? மூலக்கதையை இப்படிக் கலைத்துப்போட யாருக்கு உரிமை? மந்திரக்கோல் இருந்த இடத்தில் ஒரு கணினியை வைத்துவிட்டால் அது அறிவியல் புனைகதை ஆகிவிடுமா? மூன்றில் கடைசிக் கேள்விதான் கனமானது. அதை நெருங்குவதற்கு முன் முதல் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மூலக்கதை என்று ஒன்று உண்டா?

‘தேவதைக் கதை’ என்ற பெயரே கொஞ்சம் திசைதிருப்பும். இந்த வகைக் கதைகள் பலவற்றில் தேவதையே கிடையாது. பேசும் பறவை, மந்திர மரம், சொன்ன சொல்லைக் கேட்கும் கண்ணாடி, இவைதான் இருக்கும். எழுதப்படுவதற்கு முன்பே வாய்மொழியாக ஊர் ஊராய் அலைந்தவை இவற்றில் பல. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தம் காலத்துக்கும் தம் வாசகருக்கும் ஏற்பத் திருத்தித்தான் எழுதினார்கள். சின்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்வோம்.

1. சீனாவில் தாங் அரசமரபின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், துவான் செங்ஷி என்பவர் யே ஷியன் என்ற பெண்ணின் கதையை எழுதிவைத்தார். சிற்றன்னையின் கொடுமை உண்டு, விழா உண்டு, தொலைந்த பொற்செருப்பு உண்டு. உதவி செய்வது இறந்துபோன மீனின் எலும்புகள்.

2. பிரான்சில் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட வடிவத்தில்தான் கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியும் நள்ளிரவுக் கெடுவும் இருக்கின்றன.

3. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை வெளியிட்டார்கள். அவர்களுடைய கதையில் தேவதையும் இல்லை, பூசணியும் இல்லை. தாயின் கல்லறை மேல் வளர்ந்த மரம்தான் உடை தருகிறது.

மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1893இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதைக் குடும்பத்தின் 345 வடிவங்களைத் திரட்டியிருந்தார். 1893லேயே 345! ஆகவே, மெயரின் சைபோர்க் நாயகி, அதாவது பாதி மனுஷியும் பாதி இயந்திரமுமான நாயகி, ‘மூலத்தை’ மாற்றிவிட்டாள் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒன்று: கதையைப் பெய்ஜிங்கில் வைத்தது வெறும் கவர்ச்சிக்கான ஏற்பாடு என்றும் தள்ளிவிட முடியாது. நாம் அறிந்த பெரோவுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முன்பே இந்தக் கதை சீனாவில் எழுத்தில் இருந்தது.

எலும்புக்கூடும் சதையும்

இத்தனை மாறியும் ‘இது அதே கதை’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இதற்கு இரண்டு கருவிகள் உதவும்.

முதலாவது, வகை எண். பின்லாந்தின் ஆண்டி ஆர்னே 1910இல் தொடங்கி, அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் விரிவாக்கி, ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004இல் திருத்தியமைத்த பட்டியல் ஒன்று உண்டு. அதில் சின்ட்ரெல்லா 510ஏ. தூங்கும் அழகி 410. ஸ்நோ ஒயிட் 709. கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சல் 310. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் இருப்பதைப்போலக் கதைக்கும் எண்.

இரண்டாவது, ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் முன்வைத்த பகுப்பு. ரஷ்ய மாயக்கதைகள் நூற்றை அக்கக்காகப் பிரித்துப் பார்த்த அவர், பாத்திரங்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் ‘காரியங்கள்’ மாறுவதில்லை என்று கண்டார். மொத்தம் 31 காரியங்கள். அவை வரும் வரிசையும் பெரும்பாலும் ஒன்றே. நாயகனுக்குக் கருவி தருபவர் கிழவியாக இருக்கலாம், கரடியாக இருக்கலாம். கருவி கைமாறுவதுதான் காரியம். மீன் எலும்பு, கல்லறை மரம், தேவதை, பழைய கார் ஒன்றைச் சரிசெய்து விருந்துக்குப் போகத் தெரிந்த சிண்டரின் சொந்தக் கைத்திறன், எல்லாமே அந்த ஒரே இடத்தை நிரப்புகின்றன. அவள் ஓட்டிப்போகும் காரின் நிறம் பூசணிக்காய் நிறம் என்பதைக் கவனிக்கும் வாசகர் உள்ளூரச் சிரித்துக்கொள்வார்.

எலும்புக்கூடு அப்படியே நிற்க, சதை மாறுகிறது என்று இதைச் சுருக்கலாம். ஆனால் சதையை மாற்றினால் எலும்பும் வளையும் என்பதுதான் இந்த மறுகூறல்களில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. அதற்கு அறிவியல் புனைகதையின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

மந்திரத்திடம் கேட்கக் கூடாத கேள்விகள்

இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் சொன்ன விதி பலருக்கும் தெரிந்திருக்கும்: போதிய அளவுக்கு முன்னேறிய எந்தத் தொழில்நுட்பத்தையும் மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. இதை வைத்துக்கொண்டு, ‘மந்திரம் என்றால் என்ன, தொழில்நுட்பம் என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே’ என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் பல மறுகூறல்கள் சறுக்குகின்றன. கிளார்க் பேசியது பார்ப்பவரின் கண்ணைப் பற்றி. கதையின் உள்ளே இரண்டும் நடந்துகொள்ளும் விதம் நேர்மாறானது.

அறிவியல் புனைகதையை ஆராய்ந்த டார்கோ சுவின், ‘நோவம்’ என்ற இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். ‘புதியது’ என்று பொருள். நம் உலகில் இல்லாத ஒரு புதுமை கதைக்குள் நுழைகிறது. அறிவுக்கு ஏற்ற காரணத்தோடு நுழைகிறது. நுழைந்தபின் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மந்திரத்துக்கு இந்தக் கட்டாயம் எதுவுமில்லை. சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூதி காட்டியதுபோல, நாட்டார் மாயக்கதையில் யாருமே வியப்பதில்லை. ஓநாய் பேசினால் சிறுமி பதில் சொல்கிறாள். ‘நீ எப்படிப் பேசுகிறாய்?’ என்று கேட்பதில்லை. கேட்டால் கதை நின்றுவிடும்.

கருவி வந்ததும் அந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. குறைந்தது நான்கு கேள்விகள் தாமாகவே எழும்:

1. இதை யார் செய்தார்கள், யாருக்குச் சொந்தம்?
2. இதற்கு யார், என்ன விலை கொடுக்கிறார்கள்?
3. இது எப்போது பழுதாகும்?
4. இது வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது?

நள்ளிரவை மூன்றாம் கேள்வியில் வைத்துப் பாருங்கள். பெரோவின் கதையில் பன்னிரண்டு மணிக்கு மாயம் கலைவதற்குக் காரணம் ஒன்றுதான்: தேவதை சொல்லிவிட்டாள். கிரிம் சகோதரர்கள் பின்னால் திருத்தியமைத்த வடிவத்தில் நள்ளிரவுக் கெடுவே கிடையாது. அந்தப் பெண் மாலையானதும் தானாகவே ஓடிவிடுகிறாள். மணியடிக்கும் கடிகாரமும் அரண்மனை நடனமும் பழகிய வாசகர்களுக்காக எழுதிய பெரோவுக்குத்தான் அந்தக் கெடு தேவைப்பட்டது. இன்றைக்கு ஒருவர் எழுதினால் பேட்டரி தீர வேண்டும், அல்லது வாடகைக் காலம் முடிய வேண்டும், அல்லது ஊரடங்கு தொடங்க வேண்டும். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மூன்று வேறு கதைகள் பிறக்கும். பேட்டரி என்றால் அது வறுமையின் கதை. வாடகை என்றால் கடனின் கதை. ஊரடங்கு என்றால் அரசின் கதை. ‘ஏன்’ என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய் எழுத்தாளர் தன் அரசியலையே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இங்கே வெகுநாளாக வாசகர்கள் கேட்டுவரும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். எல்லாம் பழையபடி மாறிவிட்டபோது கண்ணாடிச் செருப்பு மட்டும் ஏன் மாறவில்லை? பெரோவின் வரிகளை நிதானமாகப் படித்தால் விடை இருக்கிறது. பூசணி வண்டியாக ‘மாறுகிறது’, எலிகள் குதிரைகளாக ‘மாறுகின்றன’, கந்தல் பொன்னும் வெள்ளியும் இழைத்த ஆடையாக ‘மாறுகிறது’. செருப்பை மட்டும் தேவதை ‘கொடுக்கிறாள்’. மாற்றியது திரும்பிப் போகும், கொடுத்தது தங்கும். மந்திரத்துக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்ற உணர்வு 1697லேயே எட்டிப்பார்க்கிறது.

கிரிம் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே செருப்பு தற்செயலாக நழுவவில்லை. ஓடிப்போகிறவளைப் பிடிக்க இளவரசன் படிக்கட்டு முழுவதும் கீல் பூசச் சொல்கிறான். செருப்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. கீல் பூசிய படிக்கட்டைப் படிக்கும்போதெல்லாம், அறிவியல் புனைகதை எழுதும் மனம் நாட்டார் கதைசொல்லியிடமும் இருந்திருக்கிறது என்று தோன்றும்.

கண்ணாடிக்கு முகவரி எப்படித் தெரிந்தது?

நான்கு கேள்விகளின் வலிமையை முழுதாகக் காட்டுவது ஸ்நோ ஒயிட் கதையின் மந்திரக் கண்ணாடி. ‘நாட்டிலேயே அழகி யார்?’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. சிறுவயதில் கேட்டபோது அது அழகைப் பற்றிய போட்டியாக மட்டுமே தெரிந்தது. அதைக் கருவியாக நினைத்துப் பாருங்கள்.

அழகி யார் என்று சொல்ல வேண்டுமானால் கண்ணாடி நாட்டின் ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் மற்றதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். யாரும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அழகுக்கு ஓர் அளவுகோலை யாரோ அதற்குள் வைத்திருக்க வேண்டும். கிரிம் வடிவத்தில் இன்னும் மோசம்: ஏழு மலைகளுக்கு அப்பால், ஏழு குள்ளர்களிடம் அவள் உயிரோடு இருக்கிறாள் என்றும் கண்ணாடி சொல்லிவிடுகிறது. பெயர் மட்டுமல்ல, இருப்பிடமும். வேடன் அவளைத் தப்பவிட்ட இரக்கத்தைக் கண்ணாடி ஒரே வரியில் வீணாக்கிவிடுகிறது. அரசி மூன்று முறை மாறுவேடமிட்டு மிகச் சரியாக அந்த வீட்டு வாசலுக்கே போகிறாள்.

முக அடையாளத் தொழில்நுட்பமும் கண்காணிப்பு கேமராக்களும் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கண்ணாடியை எழுதுகிறவர், அரசியின் பொறாமையை மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. மெயரின் தொடரில் நிலவை ஆளும் அரசி லெவானா, பார்ப்பவர்களின் மூளையையே ஏமாற்றித் தன்னை அழகியாகக் காட்டிக்கொள்பவள். மனிதக் கண்ணை ஏமாற்றலாம். கண்ணாடியை ஏமாற்ற முடியாது. அதனால் அவள் கண்ணாடிகளை வெறுக்கிறாள். பழைய கதையில் அரசியின் கருவியாக இருந்த பொருள், புதிய கதையில் அரசியின் பகையாகிவிட்டது. எலும்பு வளைவது என்று மேலே சொன்னது இதைத்தான்.

நூறாண்டுத் தூக்கமும் ஒப்புதலும்

410ஆம் எண் கதை, அதாவது தூங்கும் அழகி, அறிவியல் புனைகதைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. நெடுந்தூர விண்வெளிப் பயணத்தில் பயணிகளை உறக்கத்தில் ஆழ்த்திவிடுவது இத்துறையில் பழகிப்போன உத்தி. அதற்கு ஓரளவு மருத்துவ அடிப்படையும் உண்டு. மாரடைப்பால் இதயத் துடிப்பு நின்று மீண்டவர்களின் மூளையைக் காக்க உடல் வெப்பத்தை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குறைத்துவைக்கும் சிகிச்சை மருத்துவமனைகளில் நடந்திருக்கிறது. அந்த வழியைச் செவ்வாய்ப் பயணத்துக்கு நீட்டிக்க முடியுமா என்ற ஆய்வுக்கு நாசா 2013இல் நிதி தந்தது. இந்தச் சிகிச்சை நாள் கணக்கில் நடப்பது; நூறாண்டு என்பது இன்னும் கதைதான்.

இந்தக் கதையின் பழைய வடிவங்களை வரிசையாக வைத்தால் நெஞ்சு கனக்கும்.

1. இத்தாலியின் ஜம்பத்தீஸ்தா பசீலேயின் வடிவம் 1630களில் அச்சானது. அதில் தூங்கும் பெண்ணைக் கண்ட அரசன் கூப்பிட்டும் அவள் எழவில்லை. உறக்கத்திலேயே அவள் தாயாகிறாள். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று அவள் விரலைச் சப்ப, விரலில் ஏறியிருந்த சிராய் வெளிவந்து அவள் விழிக்கிறாள்.

2. பெரோவின் வடிவத்தில் இளவரசன் அருகில் மண்டியிடுகிறான், அவ்வளவுதான். கெடு முடிந்ததால் அவள் தானாக விழிக்கிறாள்.

3. முத்தம் கிரிம் வடிவத்தில் வருகிறது.

மூன்றிலும் தூங்குகிறவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 2016இல் வந்த ‘பாசஞ்சர்ஸ்’ திரைப்படம் இந்த இடத்தை நேராகத் தொடுகிறது. 120 ஆண்டுப் பயணம். 5,000 பயணிகள் உறக்கத்தில். இயந்திரக் கோளாறால் ஒருவன் மட்டும் 90 ஆண்டுகள் முன்னதாக விழித்துவிடுகிறான். ஓராண்டுத் தனிமைக்குப் பிறகு, பெட்டிக்குள் உறங்கும் ஒரு பெண்ணைத் தானே எழுப்பிவிடுகிறான். மீண்டும் உறங்க வழியில்லை. எழுப்பியதும் அவளுடைய எதிர்காலம் முடிந்துவிட்டது. அவள் பெயர் அரோரா. தூங்கும் அழகிக்குப் பாலே நடனத்திலும் புகழ்பெற்ற கார்ட்டூன் படத்திலும் வழங்கிய அதே பெயர்.

எழுப்புவது மீட்பு என்று பழைய கதை சொன்னது. எழுப்புவது குற்றமாகவும் இருக்கலாம் என்று இந்தப் படம் சொல்கிறது. உறக்கப் பெட்டி என்ற கருவிக்கு ‘திரும்ப மூட முடியாது’ என்ற ஒரே ஒரு விதியைச் சேர்த்ததால் வந்த மாற்றம் இது. பின்பாதியில் படம் தன் கேள்வியிலிருந்து பின்வாங்கி, கப்பலைக் காப்பாற்றும் சாகசத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அவனுடைய செயலை மன்னிக்க வசதியாக ஒரு விபத்து வந்து சேர்கிறது. விமர்சகர்கள் பலரும் அதைக் கடிந்துகொண்டது நியாயமே. ஆனாலும் முதல் பாதி எழுப்பிய கேள்வி, 410ஆம் எண் கதையை இனி எப்போது படித்தாலும் கூடவே வரும்.

பெரோவிடம் நான் மிகவும் விரும்பும் ஓர் இடம் இந்தக் கதையில்தான் இருக்கிறது. விழித்தெழுந்த இளவரசி அலங்காரமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் உடுத்தியிருப்பது இளவரசனின் பாட்டி காலத்து உயர்ந்த கழுத்துப்பட்டி. அதை அவளிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறான் அவன். இரவு விருந்தில் இசைக்கப்படுவதும் நூறாண்டாக யாரும் வாசிக்காத பாட்டுகள். காலம் தாண்டி விழித்தவள் உலகத்துக்கு அந்நியமாகிப்போவதை ஒரு கழுத்துப்பட்டியில் காட்டிவிட்டார் அவர்.

ஏணி யாருடையது?

மற்ற கதைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஜாக் என்ற ஏழைப் பையனின் ஆங்கில நாட்டார் கதையில், மந்திர அவரைக்கொடி அரக்கன் வாழும் வானத்துக்கு ஏறுகிறது. விண்வெளி மின்தூக்கி என்ற எண்ணத்துக்கு ஆங்கில அறிவியல் புனைகதை வட்டத்தில் ‘அவரைக்கொடி’ என்றே செல்லப்பெயர் உண்டு. ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1895இல் ஈஃபில் கோபுரத்தால் தூண்டப்பட்டு வானளாவிய கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். யூரி ஆர்ட்சுதானோவ் 1960இல் மேலிருந்து வடத்தைத் தொங்கவிடும் யோசனையை முன்வைத்தார். நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள் தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அங்கிருந்து கீழே ஒரு வடம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் உச்சிக்குப் போக ஏழரை நாளாகும். இடையில் சாப்பாடு வேண்டும், காவல் வேண்டும், கட்டணம் வேண்டும். ஒரு ஏழைப் பையன் யார் கண்ணிலும் படாமல் ஏறிவிட முடியாது. மேலே இருப்பவனின் பொன்முட்டையிடும் கோழியைத் திருடிவருவது வீரமா, கொள்ளையா என்ற கேள்வி பழைய கதையிலேயே உறுத்தியிருக்கிறது. 1807இல் டாபார்ட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட வடிவத்தில், அந்த அரக்கன் ஜாக்கின் தந்தையைக் கொன்றவன் என்று ஒரு தேவதை வந்து சொல்லி, திருட்டுக்கு நியாயம் சேர்க்கிறாள். வேற்றுக்கோள்களில் கனிமம் தோண்டும் திட்டங்கள் பேசப்படும் காலத்தில், அந்த நியாயம் யாருக்கு என்று அரக்கனின் பக்கம் நின்றும் எழுதலாம்.

பினோக்கியோ 1880களில் இத்தாலியில் கொலோதி எழுதிய கதை. அதில் மரப்பொம்மை நல்லவனாக நடந்துகொண்டால் மனிதப் பையனாகலாம். சுமை முழுவதும் பொம்மையின் தலையில். 2001இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய செயற்கை நுண்ணறிவுச் சிறுவனின் திரைப்படம் அந்தச் சுமையை இடம் மாற்றியது. நேசிப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்திடம் மனிதர்களுக்கு என்ன கடமை என்று தொடக்கக் காட்சியிலேயே கேள்வி எழுகிறது. நீலத் தேவதையைத் தேடிக் கடலடி வரை போகும் அந்தச் சிறுவன் எந்தத் தவறும் செய்தவனில்லை.

போலந்தின் ஸ்தானிஸ்வாவ் லெம் 1960களில் செய்தது இன்னொரு வழி. பழைய கதையை எதிர்காலத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, ரோபோக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் தேவதைக் கதைகளையே அவர் எழுதினார். அரசன், இளவரசி, வீரன் எல்லாரும் இயந்திரங்கள். குழந்தைகளைப் பயமுறுத்தும் பூதம் மட்டும் மனிதன். மனிதனைத்தான் மணப்பேன் என்று அடம்பிடிக்கும் ரோபோ இளவரசிக்காக, ஒரு ரோபோ இளவரசன் உடம்பெல்லாம் அழுக்கு பூசி மனிதனாக வேடம் போடுகிறான். நம்மை வெளியிலிருந்து பார்க்கவைக்கும் அந்த ஒரு கதைக்காகவே லெம்மைத் தேடிப் படிக்கலாம்.

எங்கே தோற்கிறது?

தோற்கும் மறுகூறல்களைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று தெரியும்.

1. பெயர்ச்சொல் மாற்றம். வண்டிக்குப் பதில் விண்கலம், கோட்டைக்குப் பதில் விண்வெளி நிலையம். மாற்றிய சொற்களைத் திரும்ப மாற்றினால் கதை ஒரு மயிரிழையும் அசையாது.

2. மிகை விளக்கம். பேசும் ஓநாய்க்கு மூன்று பக்கம் மரபணு விளக்கம். இருட்டில் சிறுமியும் ஓநாயும் எதிரெதிரே நிற்கும் அச்சம் அந்த மூன்று பக்கத்தில் கரைந்துபோகிறது. காரணம் இருக்க வேண்டும். முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை.

3. பிறப்பால் வரும் தீர்வு. இதுதான் ஆழமான சிக்கல். கிரிம் கதையின் நாயகி பணக்காரரின் மகள். சாம்பலில் கிடந்தவளுக்கு இழந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. அடுப்படியில் கிடக்கும் மற்ற வேலைக்காரிகள் அங்கேயேதான் கிடக்கிறார்கள். ‘சிண்டர்’ நாவலும் இந்தக் கண்ணியில் காலை வைக்கிறது. சைபோர்க்குகள் அங்கே இரண்டாம்தரப் பிறவிகள். கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க அவர்களைப் பிடித்துப்போய்ச் சோதனை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தொலைந்துபோன இளவரசி என்று தெரியவந்தால் மற்றவர்களுக்கு என்ன விடிவு? தொடரின் கடைசி நாவலில் அரியணை கிடைத்தபின், நிலவில் முடியாட்சியையே முடிவுக்குக் கொண்டுவந்து குடியரசாக்க அவள் தீர்மானிக்கிறாள். தாமதமான விடைதான். ஆனால் 510ஏ வகைக் கதையில் நாயகி அரண்மனைக்குள் நுழைந்தபின் அரண்மனையையே கேள்வி கேட்பது சிறிய மாற்றமல்ல.

யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

உரிமை பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. பெரோ 1703இலும், கிரிம் சகோதரர்கள் 1859இலும் 1863இலும், டென்மார்க்கின் தேவதைக் கதை எழுத்தாளர் ஆண்டர்சன் 1875இலும் மறைந்தார்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆகவே கதைகள் பொதுச் சொத்து. கவனம் தேவைப்படும் இடம் ஒன்றுதான்: பிற்காலத்தார் சேர்த்த தனிக் கூறுகள். கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. நாம் அறிந்த பெயர்களும் உருவங்களும் 1937ஆம் ஆண்டு கார்ட்டூன் படத்தைச் சேர்ந்தவை, அமெரிக்காவில் அந்தப் படத்தின் பதிப்புரிமை 2032 முடியும் வரை இருக்கிறது. ஓஸ் என்ற மாய உலகத்தைப் பற்றிய அமெரிக்கக் கதையில் வரும் மந்திரச் செருப்பு 1900ஆம் ஆண்டு நாவலில் வெள்ளி. சிவப்புக் கல் செருப்பு 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் வண்ணத்துக்காகச் செய்த மாற்றம். எழுத நினைப்பவர் படத்தை விட்டுவிட்டுப் பழைய புத்தகத்துக்குப் போவது சட்டத்துக்கும் நல்லது, கதைக்கும் நல்லது. கீல் பூசிய படிக்கட்டு புத்தகத்தில்தான் இருக்கிறது.

கிரிம் கதையில் அந்தப் படிக்கட்டுக்குப் பிறகு வருவதையும் பாருங்கள். செருப்பளவு என்பது ஓர் அடையாளச் சோதனை. மூத்தவள் கால்விரலை வெட்டிக்கொண்டு செருப்புக்குள் நுழைக்கிறாள். இளையவள் குதிகாலைச் செதுக்கிக்கொள்கிறாள். இரண்டு முறையும் இளவரசன் ஏமாந்து குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். முகத்தை அவன் பார்க்கவே இல்லை. செருப்பில் ரத்தம் என்று மரத்திலிருந்து புறாக்கள் கூவிய பிறகுதான் திரும்புகிறான். சோதனையை ஏமாற்ற உடம்பையே அறுத்துக்கொள்ளும் மனிதர்கள், அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது சோதனை: இதை அப்படியே ஓர் எதிர்கால நகரத்தின் நுழைவாயிலில் வைக்கலாம்.

முகத்தைப் பற்றிய கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் பதிவு செய்த கன்னட சின்ட்ரெல்லாவின் பெயர் ஹஞ்சி. அவளைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் தாய் செய்வது ஒன்றே: மண்ணால் ஒரு முகமூடி செய்து மகளின் முகத்தை மறைத்து, வேற்றூருக்கு அனுப்பிவிடுகிறாள். ஹஞ்சி வேலைக்காரியாகப் பிழைக்கிறாள். ஏழு மலைக்கு அப்பால் இருக்கும் முகத்தையும் கண்டுபிடித்துவிடும் கண்ணாடி ஒன்று அந்த ஊரிலும் இருந்தால், மண் முகமூடி எவ்வளவு நாள் தாங்கும், அவள் அதை எந்த வீட்டில், யார் முன்னால் கழற்றுவாள் என்று எழுதத் தொடங்கலாம்.